மலையேற்றத்தில் குழந்தையை முதுகில் சுமக்க துணி கேரியரா, ஃபிரேம் கேரியரா?

எடையை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. இடுப்புப் பட்டை வைத்த துணி கேரியர் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கும். அலுமினிய ஃபிரேம் கேரியர் காலியாகவே இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரும். அதில் ஏற்றக்கூடிய மொத்த எடைக்கும் வரம்பு உண்டு. பல மாடல்களில் 22 கிலோ அளவில் இருக்கும். குழந்தை, தண்ணீர், மாற்றுத்துணி, சில மாடல்களில் கேரியரின் எடைகூட அதற்குள்தான்.

ஆனால் நடக்கத் தெரிந்த குழந்தை முழு நேரமும் முதுகில் இருக்குமா என்ன? பத்து நிமிடம் உட்காரும், அப்புறம் "இறக்கி விடு" என்று காலை உதைக்கும். துணி கேரியரைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிடலாம். ஃபிரேமோ காலியானாலும் முதுகை விட்டு இறங்காது. குழந்தை உயரத்தில் உட்காருவதால் சறுக்கலான பாதையில் ஆட்டமும் அதிகம். தாழ்ந்த கிளை வந்தால் நாம் குனிந்தால் போதாது, குழந்தையின் தலைக்கும் சேர்த்துக் குனிய வேண்டும்.

வெயிலில் கதை மாறும். துணியில் இரண்டு உடம்பும் ஒட்டி, முதுகும் குழந்தையின் வயிறும் வியர்வையில் நனைந்துவிடும். ஃபிரேமில் காற்று புகும், பலவற்றில் நிழல் கூரையும் உண்டு. சாமான் வைக்கவும் இடம் இருக்கும்.

அரை நாள் நடைக்கு என் ஓட்டு துணிக்கே. நாள் முழுக்க, குழந்தை பெரும்பாலும் முதுகிலேயே இருக்கும் என்றால் ஃபிரேம். எதுவானாலும் குளிரில் தொங்கும் பாதங்களை அடிக்கடி தொட்டுப் பாருங்கள்.