மூத்த நட்சத்திரமா, காத்திருக்கும் இளைஞரா?

அமெரிக்கக் கால்பந்தில் வயதேறிய நட்சத்திரத்தை வாங்குவதா, இளம் வீரரை வளர்ப்பதா என்ற கேள்வியின் இரு பக்கங்களையும், 2023 ஏப்ரலில் நடந்த ஆரன் ராட்ஜர்ஸ் பரிமாற்றம் ஒருங்கே காட்டுகிறது.

பந்தை எறிந்து தாக்குதல் ஆட்டத்தை வழிநடத்தும் குவாட்டர்பேக்கான 39 வயது ராட்ஜர்ஸுக்காக, நியூயார்க் ஜெட்ஸ் அணி, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தன் முதல் சுற்று இடத்தை 13இலிருந்து 15க்கு இறக்கிக்கொண்டதுடன், ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பையும், 2024க்கான இன்னோர் இரண்டாம் சுற்று வாய்ப்பையும் கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்தது. அணியின் தாக்குதல் ஆட்டத்தில் 65 சதவீதம் அவர் களத்தில் இருந்தால் மட்டுமே பின்னது முதல் சுற்று வாய்ப்பாக உயரும் என்ற நிபந்தனை, அந்த ஒப்பந்தத்தின் மிக விவேகமான பகுதி என்பேன். ஏனெனில் முதல் போட்டியிலேயே, களமிறங்கிய சில நிமிடங்களில், அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. 2024இல் 17 போட்டிகளிலும் அவர் ஆடியபோதும் அணிக்குக் கிடைத்தவை 5 வெற்றிகளே.

பேக்கர்ஸ், 2020இல் முதல் சுற்றில் எடுத்து மூன்று ஆண்டுகள் மாற்று வீரராக வைத்திருந்த ஜோர்டன் லவ்விடம் பொறுப்பை ஒப்படைத்தது. 2023இல் 9 வெற்றிகளுடன் பிளேஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்றுக்குள் நுழைந்த அவ்வணி, அங்கே டல்லாஸ் கவ்பாய்ஸை 48-32 என வென்றது.

வயதை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. 2020இல் 42 வயதில் டாம்பா பே அணியில் சேர்ந்த டாம் பிரேடி அந்தப் பருவத்திலேயே பட்டத்துக்கான இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார்; ஆனால் அவர் ஒப்பந்தம் முடிந்து வந்தவர் என்பதால், டிராஃப்ட் வாய்ப்பு எதையும் அவ்வணி இழக்கவில்லை. எதிர்காலத்தை விலையாகக் கேட்கும் பரிமாற்றத்தை, மற்ற இடங்களிலெல்லாம் ஏற்கெனவே வலுவாக உள்ள அணி மட்டுமே ஏற்கலாம் என்பது என் உறுதியான கருத்து.