சீரியல் லாகினுக்கு எந்த சிப்?

சீரியல் கம்பி வழியாக ஒரு லினக்ஸ் கணினிக்குள் உள்நுழைவதுதான் சீரியல் லாகின். அதற்கான யூஎஸ்பி–சீரியல் அடாப்டருக்கு லினக்ஸில் டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை. எஃப்டிடிஐ, சிஹெச்340, பிஎல்2303, சிபி2102 ஆகிய நான்கு வகை அடாப்டர் சிப்களுக்கும் கர்னலிலேயே இருக்கிறது. தகராறு வேறு இடத்தில்.

சிஹெச்340 மலிவு, வேலையும் குறையில்லை. ஆனால் உபுண்டு 22.04-இல் செருகிய உடனே டிடிஒய்யூஎஸ்பி0 (அடாப்டருக்கு லினக்ஸ் தரும் போர்ட் பெயர்) வந்து மறைந்துவிடலாம். கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் பிஆர்எல்டிடிஒய் என்ற பெயர் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது: பிரெய்ல் கருவிகளுக்கான அந்த நிரல், 1ஏ86:7523 என்ற அடையாள எண்ணைத் தன்னுடையதென்று பிடித்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தப் பொதியை நீக்கிவிடலாம்.

பிஎல்2303-இன் பழைய சிப்பை விண்டோஸ் டிரைவர் ஏற்க மறுப்பது பிரசித்தம். லினக்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. புதிய ஜி வரிசைதான் பழைய கர்னலில் முரண்டு பிடிக்கும்.

லாகின் வைக்கும்போதுதான் உண்மையான வேறுபாடு தெரியும். போர்ட்டில் லாகின் கேட்கும் சீரியல்-கெட்டி சேவையை டிடிஒய்யூஎஸ்பி0-க்கு இயக்கினால் முதல்முறை சரியாக வரும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் சேவை தானாக எழாது. போர்ட் பெயரே டிடிஒய்யூஎஸ்பி1 என்று மாறியும் விடலாம். கருவி செருகப்படும்போது என்ன செய்வதென்று சொல்லும் யூடெவ் விதியில் அடாப்டரின் வரிசை எண்ணைப் பொருத்தி, அந்தச் சேவையை அழைக்கச் சொல்வதே தீர்வு. எஃப்டிடிஐயின் அசல் எஃப்டி232ஆர் சிப்பில் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை எண் உண்டு. சிஹெச்340ஜி-யில் கிடையாது. சிபி2102-இல் பெரும்பாலும் எல்லாவற்றிலும் 0001தான்! இரண்டு அடாப்டர் செருகினால் எது எதுவென்று தெரியாது. எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அதனால் நிரந்தர லாகினுக்கு எஃப்டிடிஐ, மேசைச் சோதனைக்கு சிஹெச்340. சந்தையில் போலி எஃப்டிடிஐ ஏராளம் என்பதால் வாங்கியதும் வரிசை எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

எந்த சிப்பானாலும் சில கோளாறுகள் பொது. அனுமதி இல்லை என்றால் டெபியன், உபுண்டுவில் டயல்அவுட் குழுவிலும், ஆர்ச்சில் யூயூசிபி குழுவிலும் சேர்ந்துவிட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். எழுத்து வருகிறது, தட்டச்சு ஏறவில்லை என்றால் மினிகாம் என்ற டெர்மினல் நிரலில் வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோலை அணையுங்கள். குப்பை எழுத்து வந்தால் இருபுறமும் வேகம் 115200, வடிவம் 8என்1 (8 தரவு பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்) தானா என்று பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் அடாப்டரின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை), ஆர்எக்ஸ் (பெறும் முனை) இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, தட்டியது திரும்பி வருகிறதா பாருங்கள். வந்தால் அடாப்டர் நலம், ஒரு பக்க டிஎக்ஸை மறுபக்க ஆர்எக்ஸுக்குக் குறுக்கே மாற்றாத கம்பி பிரச்சினையாக இருக்கலாம். 3.3 வோல்ட் பலகையில் 5 வோல்ட் அடாப்டரை மட்டும் மாட்டாதீர்கள்.