மனோதர்மம் பழக எது முதலில்: ஸ்வரமா, விருத்தமா, ஆலாபனையா, ஹிந்துஸ்தானியா?

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பலருக்குக் கீர்த்தனை பிசகாமல் வரும். "இதே ராகத்தில் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) நீயாகப் பாடு" என்றால் கொப்பியைத் திறப்பார்கள். மனோதர்மம் என்பது அந்த நொடியில் தானாகக் கற்பனை செய்து பாடுவது; எழுதிப் பாடமாக்கிய கற்பனாஸ்வரம் (தாளத்துக்குள் இட்டுக்கட்டும் ஸ்வரக்கோவை) மனோதர்மம் ஆகாது. கைத்தாளம் தடுமாறாமல் இரண்டு காலத்திலும் வர்ணம் பாடக்கூடியவருக்கு நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. ஒப்பிட வசதியாக நான்கையும் மோகன ராகத்திலேயே பார்ப்போம்: ஸ ரி க ப த, அவ்வளவுதான்.

கற்பனாஸ்வரம்

பெரும்பாலான வகுப்புகள் இதில்தான் தொடங்குகின்றன. காரணம் நியாயமானது: எடுப்புக்கு (பாட்டு தொடங்கும் இடத்துக்கு) வந்து சேர்ந்தோமா இல்லையா என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். 8 தட்டுள்ள ஆதி தாளத்தில் தட்டுக்கு 4 ஸ்வரம் வைத்தால் ஓர் ஆவர்த்தனம் 32. முதலில் கடைசித் தட்டை மட்டும் 4 ஸ்வரத்தால் நிரப்பிப் பல்லவிக்குத் திரும்புங்கள். பிறகு 8, 16, 32 என்று நீட்டுங்கள். பாட்டு காந்தாரத்தில் (க) எடுத்தால் ரி அல்லது ப-வில் முடியுங்கள். க-விலேயே முடித்தால் சேரும் இடம் தட்டையாகிவிடும்.

அடுத்தது முத்தாய்ப்பு, மும்முறை வந்து எடுப்பில் சேர்க்கும் முடிப்பு. கடைசி 4 தட்டு 16 மாத்திரை (ஒரு ஸ்வரத்துக்கு ஒரு மாத்திரை). 4 ஸ்வரம், 2 மாத்திரை இடைவெளி, 4, 2, 4 என்றால் 16 சரியாக வரும்: ஸரிகப , , ரிகபத , , கபதப. பாட்டு சமத்திலிருந்து (தாளத்தின் முதல் தட்டு) அரைத் தட்டுத் தள்ளி எடுத்தால் 18 வேண்டும். இடைவெளியை 3 ஆக்குங்கள். ஒன்றரைத் தட்டுத் தள்ளி என்றால் 22. பிடியை (ஸ்வரக் கொத்தை) 6 ஸ்வரமாக்கி இடைவெளியை 2-லேயே விடுங்கள்.

இந்த வழியின் நோயும் கணக்கிலேயே இருக்கிறது. விரல் எண்ண எண்ண ராகம் கழன்றுபோய், கமகமில்லாத (அசைவில்லாத) எழுத்துகள் மட்டும் மிஞ்சும். பிடியை முதலில் அகாரத்தில் ('ஆ' என்று) பாடி, அதே அசைவோடு ஸ்வரப் பெயரைப் போடுவதுதான் மருந்து. இன்னொரு சிக்கல், பக்கவாத்தியம். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குள் படிப்பவர் மிருதங்கத்தோடு உட்கார வாய்ப்புண்டு. வாகரையிலோ பொத்துவிலிலோ தனியே பழகுகிறவருக்குக் கைத்தாளம்தான் துணை. போனில் ஓடும் தாளம் கணக்கைக் காக்கும். நீங்கள் பாடியதற்குப் பதில் சொல்லாது.

விருத்தம்

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்துப் பிள்ளைக்கு முதல் படி இதுதான் என்பேன். செய்யுளொன்றை ராகத்தில் விரித்துப் பாடுவது விருத்தம்: தாளமில்லை, சொல் கையில் இருக்கிறது. ராகம் ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். ஓதுவார் மரபில் திருவாசகம் மோகனத்தில் பாடப்படுவது, ஆகவே காதுக்கும் புதிதல்ல. நாலடிப் பாட்டொன்றை எடுங்கள். முதலடி மந்திர (கீழ்) பஞ்சமத்துக்கும் (ப) மத்திய (நடு) காந்தாரத்துக்கும் இடையில். இரண்டாமடி க, ப-வைச் சுற்றி. மூன்றாமடி த-வில் நின்று மேல் ஸட்ஜத்தைத் (ஸ) தொடட்டும். நாலாமடி தார (மேல்) காந்தாரம் வரை போய் இறங்கி ஸ-வில் அமரட்டும். அந்தத் தார காந்தாரம் கத்தாமல் எட்டும் சுருதியை முன்கூட்டியே தெரிவு செய்யுங்கள்.

கெடுவது இரண்டிடத்தில். ஒவ்வோர் அடியையும் ஒரே வாலால் முடிப்பது ஒன்று. குறிலை இழுத்துச் சொல்லைச் சிதைப்பது மற்றது; நெடிலிலும் சீர் முடிவிலும் இழுத்தால் பொருள் நிற்கும். பண்ணும் தாளமும் அமைந்த தேவாரத்தை இந்தப் பயிற்சிக்குக் குலைக்க வேண்டாம்.

ஆலாபனை

விருத்தத்தில் சொல்லை எடுத்துவிட்டால் இதுதான். ஊன்றுகோல் போய்விடுவதால் கடினம். க, ப, த மூன்றையும் நிற்குமிடமாக வைத்து மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். தொடக்கத்திலேயே பிருகா (வேகமான ஸ்வர உருட்டல்) உருட்டினால் பிறகு போக இடமிருக்காது. இறங்கும்போது மோகனத்தில் இல்லாத நிஷாதமோ (நி) மத்திமமோ (ம) வழுக்கி விழுந்தால் கேட்பவர் காதில் பிலஹரி ராகம். அதன் ஆரோகணம் (ஏறுமுக வரிசை) மோகனத்தோடு ஒன்றே.

பாட்டின் ஒரு வரியைத் தாளத்துக்குள் பலவிதமாக விரிக்கும் நிரவலைக் கடைசிக்கு விடுங்கள். சொல், தாளம், ராகம் மூன்றும் ஒருங்கே வேண்டும்.

ஹிந்துஸ்தானி

அதே ஐந்து ஸ்வரம் அங்கே பூப் ராகம். காந்தாரம் வாதி (முதன்மை ஸ்வரம்), தைவதம் (த) சம்வாதி (அடுத்த முக்கிய ஸ்வரம்). தைவதத்தை முன்னிறுத்தி மேல் பாதியில் உலாவினால் அது தேஷ்கார் என்ற வேறு ராகம் ஆகிவிடும். கயால் என்ற பாட்டுமுறையில் விரிவு தாளத்துக்குள்ளேயே நடக்கிறது: தபேலாவின் தேக்கா (மாறாமல் சுற்றிவரும் தாள அடி) ஒலித்துக்கொண்டேயிருக்க, பாடகர் முகடாவை (பாட்டின் தொடக்கத் துண்டை) பிடித்துச் சமத்துக்குத் திரும்புவார். தீன்தால் என்ற தாளத்தில் 16 மாத்திரை (இங்கே மாத்திரை என்பது ஒரு தட்டு), 9-ஆவதில் காலி (தட்டாமல் கைவீசும் இடம்). காது கூர்மையானால் இடம் தவறாது. இந்த ஒன்றில் கற்பனாஸ்வரத்தை விட இது பழகுநருக்கு இரக்கமானது. ஆனால் கிழக்கில் குரு கிடைப்பது அரிது. முறையாகப் படிக்கக் கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. யூடியூப் பார்த்துப் பழகி, பூப்பின் நேர் ஸ்வரங்களை மோகனத்தில் நட்டால் ரி, க, த-வின் அசைவு செத்துப்போகும். எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று: ஒரு சுற்றில் ஒரு புது ஸ்வரத்தை மட்டும் திறக்கும் பொறுமை.

மோகனம் ஓரளவு கைவந்தபின் கிரகபேதம் (அதே ஸ்வரங்களில் வேறொன்றை ஸட்ஜமாக்குவது) செய்து பாருங்கள். ரி-யை ஆதாரமாக்கினால் மத்தியமாவதி, க-வை ஆக்கினால் ஹிந்தோளம், ப-வில் சுத்த சாவேரி, த-வில் சுத்த தன்யாசி. காரைதீவில் பிறந்த விபுலானந்தர் 1947-இல் வெளிவந்த யாழ் நூலில் பாலைத்திரிபியல் என்று ஓர் இயலே வைத்து இந்த வகை மாற்றத்தை ஆராய்ந்திருக்கிறார். செய்யும்போது சுருதிப்பெட்டியையும் புது ஆதாரத்துக்கு மாற்றுங்கள். பழைய ஸட்ஜம் ஓடிக்கொண்டிருந்தால் காது மோகனத்தை விட்டு நகராது.