கிட்டார் செட் வாங்கப் போகிறவர்களுக்கு: என் 92,000 ரூபா போன கதை

அக்காவின் மகன், என் பெறாமகன், ஓ.எல். பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்தான். எடுத்தால் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கித் தருகிறேன் என்று முதல் வருடமே வாயைக் கொடுத்து வைத்திருந்தேன். பெடியன் மறக்கவில்லை. ரிசல்ட் வந்த அன்று பின்னேரம் ‘சித்தி, ஞாபகம் இருக்குதானே?’ என்று ஒரே ஒரு மெசேஜ்.

கரண்ட் தேவையில்லாத சாதாரண பொக்ஸ் கிட்டார் இரண்டு வருடமாகப் பழகுகிறான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, நல்ல மாஸ்டர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவனுக்குத் தெரியாமல் வாங்கி வந்து, வகுப்பால் வரும்போது கட்டிலில் வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. மாஸ்டருக்குச் சொன்னால் அவனுக்குப் போய்விடும். அதனால் ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ் ஏறிக் கிளம்பினேன். எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள தொடர்பு தேவாரத்தோடு சரி.

முதலில் போனது பம்பலப்பிட்டியில் ஒரு கடை. அங்கே இருந்தவர் என்னிடம் கேள்வி மேல் கேள்வி. யார் வாசிக்கப் போகிறது, என்ன வயது, எந்தக் கை, என்ன மாதிரிப் பாட்டு, வீடா பிளாட்டா? ‘ஸ்குவையர்’ என்று ஒன்றைக் காட்டினார். கிட்டாருக்குப் பெயர்போன பென்டர் கம்பனியே குறைந்த விலைக்குச் செய்விக்கிற வகை அது. விலையைச் சொல்லிவிட்டு, ‘பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ மிஸ், அவர் கையில பிடிச்சுப் பார்க்கட்டும்’ என்றார். காசோடு வந்தவளைத் திருப்பி அனுப்புகிறாரே என்று எனக்குச் சரியான எரிச்சல். இரண்டாவது கடை பூட்டு.

மூன்றாவது கடையில் ஒரு கேள்வியும் இல்லை. ‘கிஃப்டா மிஸ்? அப்ப செட்டாக் குடுப்பம்’ என்றார் முதலாளி. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

கொழும்பில் ‘ஜப்பான் ரீகண்டிஷன்’ என்று சொன்னால் எங்களுக்கு ஒரு மயக்கம். கார், சைக்கிள், தையல் மெஷின், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அப்படி வாங்கிப் பழகிய சனம் நாங்கள். அவருக்கும் அது தெரியும். ‘மிஸ், இது ஜப்பான் சாமான். அங்க ரெண்டு மாசம் பாவிச்சிட்டு வீசுறது. புதுசு வாங்கினா சீனா, இது ஒரிஜினல்’ என்றார். கிட்டாரின் தலையில் பென்டர் என்று வளைந்த எழுத்தில் பெயர். கீழே சின்னதாக மேட் இன் ஜப்பான். சிவப்பும் கறுப்பும் கலந்த பளபளப்பு. பக்கத்தில் சாம்பல் நிற அம்ப் ஒன்று, அதுதான் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி, ஒரு கையால் தூக்கலாம்.

வாசித்துக் காட்டச் சொன்னேன். அவ்வளவு புத்தி இருந்தது எனக்கு. கடையில் நின்ற தம்பி கிட்டாரை எடுத்துக் கடையின் சொந்த அம்பில் மாட்டினார். காலடியில் இருந்த பெடல் ஒன்றை மிதித்துவிட்டு கர்ர்ர் என்று ஒரு வெளுவை வெளுத்தார். கடையே அதிர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகு மாஸ்டர் விளக்கினார்: சத்தத்தைக் கரகரக்க வைக்கிற டிஸ்டோர்ஷனைப் பெடலால் போட்டு அப்படி வெளுத்தால் சுருதி கொஞ்சம் பிசகியிருந்தாலும் பழகாத காதுக்குப் பிடிபடாது. அதோடு அந்தத் தம்பியின் கை மூன்றாம் மெட்டைத் தாண்டவேயில்லை. வீணையில் கம்பிகளுக்குக் கீழே குறுக்காக வரிசையாக இருப்பதை மெட்டு என்போமே, கிட்டாரில் அதற்கு பிரெட் என்று பெயர். குறை தெரிவது கழுத்தின் மற்ற முனைப் பக்கம்.

நான் வாங்கப் போகிற அம்பை ஏன் போடவில்லை என்று கேட்டேன். ‘அதுக்கு ஜப்பான் பிளக் மிஸ், எங்கட சொக்கற்றுக்குப் போகாது’ என்றவர், லாச்சியைத் திறந்து ஒரு சின்ன வெள்ளை அடாப்டரை எடுத்து மேசையில் வைத்தார். ‘இதைக் கொழுவினாச் சரி. இதுக்குக் காசு வேண்டாம், பிள்ளை ஒன்பது ஏ எடுத்திருக்கெல்லே.’ நான் நன்றி வேறு சொன்னேன்.

விலை 97,000. காசாகத் தந்தால் 92,000. எதிரே இருந்த ஏ.டி.எம்.மில் எடுத்துக் கொடுத்தேன். பில்லில் ‘கிட்டார் செட் 1’ என்று மட்டும் எழுதி, தொகையைப் போட்டு, கீழே ஒரு கிறுக்கல். மொடல் இல்லை, தொடர் இலக்கம் இல்லை, பாவித்ததா புதிதா என்றும் இல்லை. திரீவீலில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் பெடியன் வகுப்பால் வந்து பார்த்து, என்னைக் கட்டிப்பிடித்து, அதெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அம்பை அடாப்டரில் மாட்டி சுவிட்சைப் போட்டான். சிவப்பு லைட் வழமையைவிடப் பிரகாசமாக எரிந்தது. உம்ம்ம் என்று ஓர் உறுமல். ‘சித்தி, இது இப்பிடிச் சத்தம் போடக்கூடாதே’ என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, எரிந்த வார்னிஷ் மணம். பின்பக்க ஓட்டைகளால் புகை. அக்கா ஓடி வந்து மெயின் சுவிட்சை விழுத்தினாள். அவன் கை கிட்டாரில்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு பிசைகிறது.

புகை அடங்கிய பிறகு அம்பைத் திருப்பிப் பார்த்தோம். பின்னால் விரல்நகம் அளவு தகடு. ஜப்பான் எழுத்துகளுக்கு நடுவே தெளிவாக ‘100வி’. ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். எங்களுக்கு 230. அந்த அடாப்டர் பிளக்கின் காலை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. இருமடங்குக்கும் மேலான கரண்டை நேரே உள்ளே விடுவதற்கு எனக்குத் தந்த இலவச வழி அது. போன் சார்ஜர்மாதிரி ‘100-240’ என்று எழுதியிருந்தால் பயமில்லை. உள்ளே பாரமான டிரான்ஸ்போமர் இருக்கிற பழைய அம்புகளில் அநேகமாக அப்படி இருக்காது. 230 ஐ 100 ஆகக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வைத்துத்தான் போட வேண்டும். மின்சாதனம் திருத்துகிற எவருக்கும் தெரிந்த விஷயம் இது. அந்த முதலாளிக்குத் தெரியாது என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

மருதானையில் ரேடியோ திருத்துகிற ஓர் ஐயாவிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்தவர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக்கம்பி சுற்றியிருந்தது. ‘இதை முதல்லயும் ஆரோ 230 இல போட்டிருக்கினம் பிள்ளை. பியூஸ் போயிருக்கு. புதுப் பியூஸ் போடாமக் கம்பியச் சுத்தி வித்திருக்கினம். பியூஸ் இருந்திருந்தா அது எரிஞ்சு டிரான்ஸ்போமர் தப்பியிருக்கும்.’ அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொன்னேன். தந்தார். நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

சரி, அம்ப் போனால் போகட்டும், கிட்டார் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். அடுத்த ஞாயிறு அதைப் பார்க்க மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். முதலில் கழுத்தின் ஓரத்தை விரலால் மேலிருந்து கீழே தடவினார். மெட்டுகளின் நுனி அரம்போல் விரலில் இழுபட்டது. அப்புறம் போனில் சுருதி பார்க்கிற ட்யூனரைப் போட்டு, பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே கம்பியை மெதுவாகத் தொட்டுத் தட்டினார். மணிபோல ஒரு சுரம், ட்யூனரில் பச்சை. அதே இடத்தில் கம்பியை அமத்திப் பிடித்துத் தட்டினார். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். ட்யூனர் சிவப்பு. அமத்தின சுரம் தாழ்ந்து கிடந்தது. ஆறு கம்பியிலும் அப்படித்தான்.

‘பிரிட்ஜில இருக்கிற ஸ்குரூவால சரிக்கட்டலாம் அக்கா’ என்று, கம்பிகளின் கீழ் முனையைத் தாங்குகிற அந்தப் பகுதியில் திருகினார், திருகினார், திருகி முடிந்துவிட்டது. பிறகு என் தையல் டேப்பைக் கேட்டார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற பென்டர் மொடல் வகைக் கிட்டாரில் கம்பியின் அளவு 25.5 அங்குலம், ஏறத்தாழ 648 மில்லிமீற்றர். பன்னிரண்டாம் மெட்டு அதற்குச் சரி பாதியில், 324 இல் வரும். கம்பி தொடங்குகிற மேல் முனையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை 324 சரியாக இருந்தது. அங்கிருந்து கீழே பிரிட்ஜ் வரைக்கும் 331. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூட இருக்கலாமாம், இருக்கத்தான் வேண்டுமாம். ஏழு என்றால் பிரிட்ஜைப் பூட்டினதே பிழையான இடத்தில். கழற்றி, ஓட்டையை அடைத்து, புதிதாகத் துளைக்காமல் அது ஒருநாளும் சுருதிக்கு வராது.

பின்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே அடுக்கடுக்காகப் பிளைவுட். ‘பிளைவுட் குற்றமில்லை, விலைதான் குற்றம்’ என்றார். தலையில் இருந்த பென்டர் என்ற பெயரைப் பெடியன் நகத்தால் சுரண்டினான். பாடசாலைக் கொப்பியில் ஒட்டுகிற ஸ்டிக்கர்போலக் கிளம்பியது. மேட் இன் ஜப்பானும் அதோடு வந்தது. தொடர் இலக்கம் எங்கேயும் இல்லை. அன்றைக்கு அவன் முகத்தில் கோபம் இல்லை, எனக்காகப் பரிதாபப்பட்டான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கடைக்குப் போனேன். முதல் நாள் முதலாளி இல்லை. இரண்டாம் நாள் இருந்தார், அடையாளம் தெரியவில்லையாம். பில்லைக் காட்டிய பிறகு, ‘நீங்க பிழையாப் பிளக் பண்ணியிருக்கிறீங்க மிஸ்’ என்றார். அடாப்டர் தந்ததே நீங்கள்தானே என்றேன். ‘நான் தரல்ல, பில்லில இருக்கா?’ இல்லைதான். பென்டர் என்று நீங்கள் சொல்லவில்லையா? ‘பில்லில இருக்கா?’ அதுவும் இல்லைதான். கடைசியில் இரண்டையும் திருப்பித் தந்தால் 15,000 ரூபாவுக்கு வேறு சாமான் எடுக்கலாம் என்றார். வாசித்துக் காட்டிய தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விசாரித்துவிட்டு, வோக்ஸ்ஹோல் வீதியில் இருக்கிற பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தந்தே ஆக வேண்டும். நானும் கேட்டுத்தான் வாங்கினேன், ஆனால் அதில் என்ன எழுதுகிறார் என்று பார்க்கவில்லை. மொடல், தொடர் இலக்கம், பாவித்ததா புதிதா, எத்தனை வோல்ட், எல்லாவற்றையும் கடையிலேயே நின்று எழுதுவியுங்கள். எழுத மறுத்தால் வெளியே வாருங்கள். வாங்குகிற அம்பிலேயே வாங்குகிற கிட்டாரை மாட்டி, பெடல் எதுவும் இல்லாமல், பன்னிரண்டாம் மெட்டிலும் வாசிக்கச் சொல்லுங்கள்.

போன மாதம் பம்பலப்பிட்டிக் கடைக்குத் திரும்பப் போனோம், இந்த முறை பெடியனும் மாஸ்டரும் சேர்ந்து. அதே மனிதர், அதே கேள்விகள். அவன் நாற்பது நிமிடம் ஏழெட்டுக் கிட்டாரை மாற்றி மாற்றி மடியில் வைத்துப் பார்த்தான். நான் முதல் நாள் அழகென்று பார்த்து வைத்த வெள்ளையை அவன் தொடவேயில்லை, கழுத்து தடிப்பாம். கடைசியில் எடுத்தது நீலம். அம்ப் 10 வாட், 230 வோல்ட், ஹெட்போன் துளையோடு. பிளாட்டுக்கு அதற்குமேல் தேவையில்லை என்றார் மாஸ்டர். அரைவாசி அக்கா போட்டாள், மிச்சம் நான் மாதாமாதம் கட்டுகிறேன். பழைய கிட்டாரும் எரிந்த அம்பும் என் அலுமாரிக்குப் பின்னால் நிற்கின்றன. விசாரணைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.