குறைந்த காசில் ஹாட் ராட்: பழைய அம்பாசிடர் பெட்ரோல் தேறுமா?

கையில் பெரிய பணம் இல்லாமல் ஹாட் ராட் (பழைய காரை உயரம் குறைத்து, என்ஜினுக்கு வலு ஏற்றிக் கட்டும் வண்டி) கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பொள்ளாச்சி வட்டாரத்தில் கிடைக்கிற வண்டிகளில் அம்பாசிடர் பெட்ரோல்தான் எங்கள் முதல் தேர்வு. பத்மினி எடை குறைவு, திருப்பத்தில் நன்றாக நிற்கும். ஆனால் அதன் 1089 சி.சி. என்ஜினிலிருந்து கூடுதல் இழுவை எடுப்பது செலவு பிடித்த வேலை. கான்டெஸாவுக்குப் பாடி பாகங்கள் கிடைப்பது கஷ்டம். அம்பாசிடருக்கு மட்டும்தான் கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் ஆக்சில் ஹவுசிங் முதல் கதவுக் கைப்பிடி வரை இன்னும் தேடிப் பிடிக்க முடிகிறது. 1957 தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் வந்த வண்டி. அடிப்படை வடிவம் பெரிதாக மாறாததால் ஒரு காலத்துச் சாமான் பல இடங்களில் இன்னொரு காலத்து வண்டிக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் ஹாட் ராட் பிறந்தது 1932 ஃபோர்டு மாதிரியான வண்டிகளில். அவற்றுக்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடியைக் கழற்றி வைத்து, கூரையை வெட்டி இறக்கி, மட்கார்டைத் தூக்கி எறிந்தாலும் சேஸிஸ் தாங்கும். அம்பாசிடர் மோனோகாக். தரைத் தகரமும் பக்கத்து சில்லும் (கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகரப் பெட்டி) கூரையும் சேர்ந்துதான் வண்டியின் பலம். அதனால் கூரையை வெட்டுவது, தரையை இறக்குவது இரண்டும் இதில் வேண்டாம். உயரம் குறைத்து, அகலமான வீல் போட்டு, தேவையில்லாத குரோமைக் கழற்றி, என்ஜினுக்கு உயிர் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டால் அருமையான வண்டி கிடைக்கும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. எரிபொருள் இடத்தில் பெட்ரோல் என்று இருக்க வேண்டும். நம்ம பக்கம் கிடைப்பதில் பெரும்பாலானவை டாக்ஸியாக ஓடிய 1.5 டீசல்கள். விலை மலிவாக இருந்தாலும், எரிபொருள் மாற்றம், மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாற்றம் என்று ஆபீஸ் அலைச்சலிலேயே அந்த மிச்சம் கரைந்துவிடும். தமிழ்நாட்டு வண்டியை வாங்கிக் கேரளப் பக்கம் வைத்துக்கொள்வதானால் ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி. (ஆட்சேபனையில்லாச் சான்று) வாங்கியாக வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநில நம்பர் போட வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு. இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

அடுத்தது துரு. கடலோரத்திலேயே ஓடிய வண்டியைவிட உடுமலை, பல்லடம் பக்கத்து வண்டி எப்போதும் மேல். உப்புக் காற்று சில்லை உள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ரப்பர் மேட்டைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தரையையும் சில்லையும் அடி அடியாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'டங்' என்று பேசும். பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசி மறைத்த இடம் 'பொத்' என்று அடங்கிவிடும். அங்கே காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் வழுக்கும். முன் மட்கார்டின் அடிப்பக்கம், டிக்கித் தரை, ஜாக்கி வைக்கும் இடம், பின் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) ஹேங்கர் இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. முன் சீட்டுக்கு அடியில் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் போல வேலை செய்யும் நீளக் கம்பி) வந்து பிடிக்கும் குறுக்குச் சட்டம் துருப்பிடித்திருந்தால் மட்டும் வண்டியை விட்டுவிடுங்கள். முன்பக்கப் பாரத்தைத் தாங்குவது அந்த இடம்தான்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், நூறு ரூபாயில் முப்பத்தைந்து தகர வேலைக்கு, இருபது பிரேக்குக்கு, பத்து ஒயரிங்குக்கு என்று முதலிலேயே ஒதுக்கி வைக்கச் சொல்வோம். மிச்சத்தில் என்ஜின், வீல், பெயின்ட். வீலையும் சைலன்சரையும் முதலில் வாங்கிவிட்டு, தரைத் தகரத்துக்குக் காசில்லாமல் ஷெட்டில் மூடிக் கிடக்கும் வண்டிகள் இந்தப் பக்கம் ஏராளம்.

டிங்கரிங்கில் கவனிக்க வேண்டியவை உண்டு. தரைக்கு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தகரம். வெளிப் பேனலுக்கு 20 கேஜ். சில்லை அறுக்கும் முன் நாலு சக்கரமும் சமதரையில் நிற்க வேண்டும். கதவு வாய்க்குக் குறுக்கே ஓர் அங்குலச் சதுர பைப்பை வெல்டு வைத்துக் கட்டுங்கள். இதைச் செய்யாமல் அறுத்தால் நடுப்பகுதி தொய்யும், பிறகு கதவு என்றைக்கும் ஒழுங்காகச் சாத்தாது. ஒரு பக்கத்து சில்லை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகரம் அலை அலையாக நெளியும். 0.8 மி.மீ. கம்பியில் சி.ஓ.2 வெல்டிங், ஓர் அங்குலத்துக்கு ஒரு பொட்டு, இடம் மாற்றி மாற்றி. தொடர்ந்து ஓட்டக் கூடாது. துருவின் மேலேயே புதுத் தகரத்தை ஒட்டுப்போட்டு மூடினால் வேலை சீக்கிரம் முடியும், மறு மழைக்கு இரண்டும் சேர்ந்து போகும். பட்டி 3 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் தகரம் சரியாகத் தட்டப்படவில்லை என்று அர்த்தம்.

உயரம் குறைப்பதில்தான் அம்பாசிடர் மற்ற வண்டிகளைவிட வசதி. முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார். அதனால் ஸ்பிரிங்கை அறுக்கும் ஆபத்தான வேலையே இல்லை. பாரின் பல்லை இடம் மாற்றிப் போட்டால் முன்பக்கம் இறங்கும். கழற்றும் முன் பாரின் மேல் பாரம் இல்லாதபடி ஜாக்கி கொடுத்து, பழைய இடத்தைப் பெயின்டால் குறித்துவிடுங்கள். ஓடிய பாரை இடம் வலம் மாற்றிப் போடக் கூடாது. ஒரே திசையில் முறுகிப் பழகிய இரும்பு, எதிர்த் திசையில் போட்டால் முறியும். அதன்மேல் கிரைண்டர் கீறலோ வெல்டிங் பொறியோ படவே கூடாது, விரிசல் அங்கேதான் தொடங்கும். பின்னால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒன்றரை அங்குல இரும்பு பிளாக். ஆக்சில் பட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்தால்தான் பிளாக் வண்டியை இறக்கும், கீழே இருந்தால் தூக்கிவிடும். பிளாக்கில் சென்டர் போல்ட்டுக்குக் குழியும் முனையும் லேத்தில் எடுக்கச் சொல்லுங்கள், யு-போல்ட்டையும் அதற்கேற்ற நீளத்தில் புதிதாக வாங்குங்கள். மரக்கட்டை, அடுக்கி வைத்த வாஷர் எதுவும் கூடாது. முன்னும் பின்னும் ஒன்றரை அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் நம்ம ஊர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் சைலன்சர் இடிக்கும், ஸ்டியரிங் ராடின் கோணமும் கெட்டு, குழியில் விழும்போது வண்டி தானாகத் திரும்பும்.

என்ஜினுக்கு வருவோம். 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ஜினைக் கிழட்டு என்ஜின் என்று தள்ளுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதே 1489 சி.சி. குடும்பத்து என்ஜின்தான் 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டர், 8.3 கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கு), வேறு கேம் ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து அங்கே 72 குதிரைத்திறன் வரை போனது. நம்ம வண்டியில் அது ஐம்பதை ஒட்டித்தான் நிற்கும்.

கம்ப்ரஷன் ஏற்றுவதை லேத்துக்காரரின் கண்ணளவுக்கு விடாதீர்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 சி.சி. 7.2 கம்ப்ரஷன் என்றால் மேலே மிஞ்சும் இடம் 60 சி.சி. 8.3 வேண்டுமானால் அது 51 ஆக வேண்டும், 9 சி.சி. குறைய வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை கிரீஸ் தடவி சேம்பர் (பெட்ரோல் எரியும் குழி) மேல் ஒட்டி, ஊசியால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தால் சேம்பரின் அளவு தெரிந்துவிடும். காஸ்கெட் தடிமனுக்கும் பிஸ்டன் தலைக் குழிக்கும் தனிக் கணக்கு. சேம்பர் வாயின் பரப்பு 36 சதுர செ.மீ. என்றால் 1 மி.மீ. சீவினால் 3.6 சி.சி.தான் குறையும், கம்ப்ரஷன் 7.6-க்கு வரும். 9 சி.சி.க்கு இரண்டரை மி.மீ. சீவ வேண்டியிருக்கும். அவ்வளவு சீவினால் ஹெட்டின் அடித்தகடு மெலிந்து தண்ணீர் வழியில் விரிசல் விடும். ஆக 1 மி.மீ.யோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் பிஸ்டனைத்தான் மாற்ற வேண்டும். ஹெட் லேத்தில் இருக்கும்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துச் சீட் இன்றைய பெட்ரோலில் தேய்ந்து உள்ளே இறங்கும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃபிராமும் தாங்காது, இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இந்த ஹெட்டில் எக்ஸாஸ்ட் வாய் மூன்றுதான், நடு இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வாய். அதனால் ஹெடர் (புகை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பு) மூன்று கிளையாகத்தான் வர வேண்டும். நாலு குழாய் ஹெடர் கட்டித் தருகிறேன் என்று சொல்கிற ஃபேப்ரிகேட்டர் இந்த என்ஜினைப் பார்த்ததே இல்லை.

பிந்தைய அம்பாசிடரில் வந்த 1.8 இசுஸு என்ஜினும் அதன் ஐந்து கியர் பாக்ஸும் கிடைத்தால் 75 குதிரைத்திறன் சும்மாவே வரும். ஆனால் மவுண்டிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம், ரேடியேட்டர் எல்லாம் மாறும். முன்கூட்டியே ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பில்லோடு என்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கேரளாவிலிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை உறுதிப்படுத்தியது. டயர் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வாளையார் தாண்டுவதற்குள் நிறுத்துவார்கள். இன்னொன்று: 50 வருடம் தாண்டிய வண்டியை 2021 விதிப்படி விண்டேஜாகப் பதிய நினைத்தால், அதன் பாடியையும் என்ஜினையும் மாற்றக் கூடாது. அம்பாசிடரின் பழைய மாடலான மார்க் 2 ஒன்று முழுசாகக் கிடைத்தால் ஹாட் ராட் ஆக்காமல் அப்படியே காப்பாற்றுங்கள். வெட்டி ஒட்டுவதற்குப் பிந்தைய மார்க் 4 போதும்.

பிரேக்கில் பேரமே கிடையாது. பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை வழி. எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரமும் போச்சு. இரட்டை வழி மாஸ்டர், எல்லா வீல் சிலிண்டர்களும், மூன்று ஹோஸ், 3/16 அங்குல பைப் முழுதும் புதிது. முன்னால் பிந்தைய மாடலின் டிஸ்க் செட் ஹப்போடு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒயரிங்கில் பழைய கட்டை ஒட்டுப்போடாமல் முழுதாக உருவிவிடுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலேயும் 2.5 சதுர மி.மீ. ஒயரும், எட்டு பியூஸ் பெட்டியும், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரும் போட வேண்டும். அதற்கு முன் பாடியில் கட்டியிருப்பது பேட்டரியின் எந்த முனை என்று பாருங்கள், பாசிட்டிவ் எர்த்தாக இருந்தால் ஆல்டர்னேட்டர் மாட்டிய நொடியே போய்விடும்.

பெயின்டில் காசு மிச்சம் பிடிக்க, பிரைமரோடு விட்டு 'ரேட் ராட்' தோற்றம் கொண்டுவருகிறவர்கள் உண்டு. சாதாரண பிரைமர் தண்ணீரை உறிஞ்சும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவமழை ஒன்று போதும், அடியில் துரு பூத்துவிடும். வெறும் தகரத்தின் மேல் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) மேட் கறுப்பு. பளபளப்புக்கான தேய்ப்புக் கூலி மிச்சம், தகரமும் பத்திரம். நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்றிவிடுங்கள்.

வண்டி இறங்கியதும் முதல் 500 கி.மீ.க்கு அரை ஆக்சிலேட்டரைத் தாண்டாதீர்கள். அது முடிந்ததும் என்ஜின் ஆறியபின் ஹெட் நட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மறுபடி டார்க் வையுங்கள், டேப்பட் (வால்வு இடைவெளி) பாருங்கள், ஆயில் மாற்றுங்கள். அதே நாளில் பின் யு-போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள், புதுப் போல்ட் உட்கார்ந்து தளர்ந்திருக்கும்.