ரெபல் கலக்ஸி: விலாவைக் காட்டிச் சுடும் கப்பல்

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ இருந்து விண்வெளிச் சண்டைக் கேம் தேடினால் முதலில் மறிப்பது டேற்றா, அடுத்தது லப்டொப். 2015இல் வந்த ரெபல் கலக்ஸிக்கு 3 ஜிபி அளவு இடமும் 2 ஜிபி ரமும் போதும். ஓர் இரவு டேற்றாவிலேயே இறக்கிவிடலாம்.

டயாப்லோ என்ற பிரபல கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் ஷேஃபரும் ட்ராவிஸ் பால்ட்ரீயும் சேர்ந்து செய்தது இது. காசு சேர்த்து, பாகம் மாற்றி, கப்பலை வளர்க்கும் ருசி அங்கிருந்தே வருகிறது.

கப்பல் மேலேயோ கீழேயோ போகாது. கடலில் ஓடுவதுபோல் ஒரே மட்டத்தில்தான் ஓடும். முல்லைத்தீவில் படகு ஓட்டிப் பழகிய கைக்கு இது உடனே பிடிபடும். திருப்பியவுடன் திரும்பாது, முன்கூட்டியே வெட்ட வேண்டும். பெரிய பீரங்கிகள் இரண்டு விலாவிலும் இருக்கின்றன. கமராவைப் பக்கவாட்டில் திருப்பிச் சுடும் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். விரிந்து நிற்கும் குறி மெல்ல மெல்ல ஒடுங்கும். ஒடுங்கிய பிறகு விட்டால் முழு வரிசையும் ஒரே இடத்தில் போய் இறங்கும். அந்தரப்பட்டு விட்டால் பாதிக் குண்டு வெறுவெளிக்குத்தான்.

புதிதாக விளையாடுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: கையில் வந்த முதல் காசைப் பீரங்கியில் போடுவது. முதலில் டிஃப்ளெக்டரையும் (பொத்தானை அழுத்தினால் வரும் தற்காலிகத் தடுப்பு) ஷீல்டையும் (எப்போதும் கப்பலைச் சுற்றி இருக்கும் கவசம்) மாற்றுங்கள். டிஃப்ளெக்டர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அது அடியைத் தாங்கும், ஆனால் தீர்ந்தால் மீள நேரம் எடுக்கும். ஆகவே ஏவுகணை கிட்ட வரும்வரை பொறுத்துத்தான் அழுத்த வேண்டும். ஒரு பக்க ஷீல்ட் போனால் மறுபக்கத்தைக் காட்டித் திரும்புங்கள். இந்தக் கேமின் முழு வித்தையும் அதுதான். சுற்றிப் பறக்கும் சின்ன விமானங்களுக்கு விலாப் பீரங்கி எட்டாது. அவற்றைச் சுழல் துப்பாக்கிகளிடம் விடுங்கள், தாமாகவே சுடும்.

காசுக்காக எடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் (மிஷன்) ஆபத்து அளவு எழுதியிருக்கும். அதை நம்புங்கள். தொடக்கக் கப்பலோடு கூடிய ஆபத்துள்ள வேலைக்குப் போனால் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது. சண்டை அலுத்தால் வியாபாரம் இருக்கிறது: பஞ்சம் வந்த விண்வெளி நிலையத்தில் சாப்பாட்டுப் பொருள் நல்ல விலைக்குப் போகும். விண்கற்களை உடைத்துக் கனிமம் பொறுக்கியும் விற்கலாம்.

கரண்ட் அடிக்கடி போகும் இடங்களில் ஒன்றைக் கவனியுங்கள். நிலையத்தில் கப்பலைக் கட்டும்போது ஆட்டம் சேமிக்கப்படும். பற்றரி செத்த லப்டொப் என்றால், ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததற்கு ஓடாமல் முதலில் போய்க் கட்டிவிடுங்கள்.

குறையும் உண்டு. சில மண்டலங்கள் தாண்டியதும் அதே காவல், அதே கடத்தல், அதே வேட்டை என்று வேலைகள் திரும்பத் திரும்ப வரும். தூரப் பயணத்தில் வழியில் கல்லோ எதிரியோ வந்தால் வேக ஓட்டம் அறுந்து அறுந்து போவது உண்மையிலேயே எரிச்சல். பேச்சு முழுக்க ஆங்கிலம். கீபோர்டிலும் ஓடும் என்றாலும், கமராவையும் கப்பலையும் ஒருசேரத் திருப்ப வேண்டியிருப்பதால் சாதாரண யுஎஸ்பி கொன்ரோலர் ஒன்று இருந்தால் விளையாட்டே வேறு.