ஊதிப் பார்க்கும் கருவி: ஆறு ஆண்டு, மூன்று கருவி, என் அனுபவம்

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் 42 பஸ்கள் உள்ள ஷெட்டில் நான் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர். காலை 6 மணி ஷிஃப்டுக்கு முதல் வண்டி 4 மணிக்கே கிளம்பிவிடும். குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் கருவியில் ஓட்டுநர் ஊதிக் காட்டினால்தான் கையில் சாவி என்பது 2019 முதல் எங்கள் விதி. 2020-இல் கொரோனா காலத்தில் கொஞ்ச நாள் நிறுத்தினோம், மற்றபடி தினமும் நடக்கிறது. இதுவரை மூன்று கருவிகளைப் பயன்படுத்தியிருக்கிறோம். முதல் கருவியால் ஒரு மனிதருக்கு அநியாயம் செய்துவிட்டேன். வேறு எந்த ஷெட்டிலும் அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த முதல் கருவி ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு வாங்கியது. இரண்டாவது மாதம், எங்களிடம் இருக்கும் மூத்த ஓட்டுநர் ஒருவர் ஊதினார். 38 காட்டியது, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 38 மில்லிகிராம் ஆல்கஹால். சட்ட வரம்பு 30. "அண்ணே, இன்னொரு தடவை ஊதுங்க" என்றேன். 36. வாழ்நாளில் குடிக்காதவர், சர்க்கரை நோயாளி. ஆனாலும் விதி விதிதான் என்று சாவி தராமல் அனுப்பிவிட்டேன். அவர் நேராக லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்து, மறுநாள் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஆல்கஹால் துளியும் இல்லை. "இருபத்தெட்டு வருஷமா வண்டி ஓட்டுறேன் தம்பி, எம் பொண்ணு என்னப்பா குடிச்சியான்னு கேக்குறா" என்றார். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் கருவிக்குள் என்ன இருக்கிறது என்று படித்தேன். மலிவு விலைக் கருவிகளில் இருப்பது செமிகண்டக்டர் சென்சார், அதாவது சூடான டின் ஆக்சைடு. ஆல்கஹாலுக்கு மட்டுமல்ல, சிகரெட் புகை, பெட்ரோல் ஆவி, பெயின்ட் வாடை எல்லாவற்றுக்கும் அது அசையும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களின் மூச்சில் வரும் அசிட்டோனுக்கும் அசையும். பஸ் ஷெட் என்றாலே டீசலும் தின்னரும் கலந்த காற்றுதான். நாளாக ஆக அதன் அளவும் தானாக நகர்ந்துகொண்டே போகும். ஒருவருடைய வேலையைத் தீர்மானிக்கும் இடத்தில் இந்த வகையை வைக்கவே கூடாது.

ஃபியூயல் செல் வகை வேறு. பிளாட்டினம் பூசிய தகட்டில் எத்தனால் அசிட்டிக் அமிலமாக மாறும்போது மின்னோட்டம் பிறக்கிறது, அதை அளக்கிறது. அசிட்டோனை அது கண்டுகொள்வதில்லை. போலீஸார் சாலையில் நீட்டும் தரமான கருவிகளில் இருப்பது இதுதான். ட்ரேகர், லயன், லைஃப்லாக் எல்லாம் இந்தக் கையடக்க வகைக்குப் பெயர் பெற்றவை. சில நாடுகளில் காவல் நிலையத்துக்குள் வைத்திருக்கும் பெரிய மேஜைக் கருவிகள் அகச்சிவப்புக் கதிரில் அளப்பவை. அவை நமக்குத் தேவையில்லை.

இரண்டாவதாக 48,000 ரூபாய்க்குப் பிரிண்டருடன் ஒரு ஃபியூயல் செல் கருவி வாங்கினோம். அளவு நம்பும்படி இருந்தது. ஆனால் முதல் வாரமே ஒரு தவறு. கருவி மூச்சின் அளவில், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும்படி செட் செய்யப்பட்டிருந்தது. ஒருவருக்கு 0.22 வந்தது. சின்ன எண்தானே என்று கேட்டில் இருந்தவர் விட்டுவிட்டார். மூச்சில் உள்ளதைப் போல 2,100 மடங்கு ரத்தத்தில் இருக்கும் என்பதுதான் கணக்கு. அப்படியானால் 0.22 என்பது 100 மில்லி ரத்தத்தில் 46 மில்லிகிராம். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவின் வரம்பு 30, மூச்சுக் கணக்கில் அது கிட்டத்தட்ட 0.14 மட்டுமே. நல்ல வேளை, வண்டி கேட்டைத் தாண்டும் முன் பார்த்துவிட்டேன். கருவி வந்த அன்றே ரத்த அளவுக்கு மாற்றி, அமைப்பை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடுங்கள்.

எங்களிடம் பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் குடித்தவர்கள் அல்ல, ராத்திரி குடித்தவர்கள். டாஸ்மாக் மூடும் 10 மணிக்கு ஒரு குவார்ட்டர் முடித்தார் என்று வையுங்கள். 180 மில்லியில் 42.8 சதவீதம், சுமார் 60 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆளுக்கு ரத்தத்தில் 125 வரை ஏறும். இறங்குவது மணிக்குச் சுமார் 15. அதிகாலை 4 மணிக்கு இன்னும் 35 பக்கம் நிற்கும். ஆள் தெளிவாக நடப்பார், பேசுவார், வாடைகூட இருக்காது. இந்தக் கணக்கைத் தமிழில் எழுதி ஷெட்டில் ஒட்டினேன். அபராதத்தைவிட அது நன்றாக வேலை செய்தது. "சார், எட்டரை மணிக்கே முடிச்சிட்டேன்" என்று வந்து சொன்னவர்களும் உண்டு. அவர்களையும் ஊதச் சொல்லித்தான் சாவி கொடுத்தேன்.

இரண்டாவது கருவியில் அடி வாங்கியது செலவில். தினமும் 84 பரிசோதனை, மாதம் 26 நாள், ஆக 2,184 மவுத்பீஸ், அதாவது வாய் வைத்து ஊதும் குழாய். ஒன்று 12 ரூபாய் என்றால் 26,208. இரண்டே மாதத்தில் கருவி விலையைத் தாண்டிவிட்டது! கொட்டேஷனில் அந்த வரி மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அதற்காக ஒரே மவுத்பீஸை எல்லாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அது அசிங்கம், நோயும் பரவும்.

கேலிபரேஷன், அதாவது கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துச் சரிசெய்வது, இன்னும் பெரிய தலைவலி. விற்றவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்து தருவதாகச் சொன்னார். முதல் முறை அனுப்பியபோது ஐந்து வாரம் கருவி திரும்பவில்லை, மாற்றுக் கருவியும் தரவில்லை. வந்த சான்றிதழில் எந்த வாயுவை வைத்துச் சரிபார்த்தார்கள், அதன் செறிவு என்ன, சரிசெய்யும் முன் கருவி எவ்வளவு காட்டியது, எதுவுமே இல்லை. வெறும் சீல். தகராறு வந்தால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரிடமும் பேச முடியாது. சரியான வேலை என்றால் அளவு தெரிந்த ஆல்கஹால் வாயு சிலிண்டரில் செய்வார்கள், அல்லது மனித மூச்சைப் போல 34 டிகிரியில் வைத்த கரைசலில் செய்வார்கள். இரண்டுக்கும் பதிவெண் இருக்கும்.

2022-இல் வாங்கிய மூன்றாவது கருவிதான் இன்றும் ஓடுகிறது. இதில் புனல் போன்ற கப் உண்டு. வாய் படாமல் ஊதினாலே ஆல்கஹால் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். இருக்கிறது என்றால் மட்டும் புது மவுத்பீஸ் போட்டு அளவெடுக்கிறோம். இப்போது மாதம் 60 மவுத்பீஸ்கூடச் செலவாவதில்லை. ஒருவருக்குப் பெரிய அளவு வந்துவிட்டால் சென்சார் தெளிய சில நிமிடம் பிடிக்கும், அதனால் பழைய கருவியை மாற்றாக வைத்திருக்கிறேன். வெயிலில் நிற்கும் ஜீப்பில் கருவியை விடாதீர்கள், சூட்டில் ஃபியூயல் செல் உலர்ந்து கெட்டுவிடும்.

கருவி எவ்வளவு நல்லதானாலும் வாயில் மிச்சமிருக்கும் ஆல்கஹாலை எல்லாமே காட்டும். மவுத்வாஷ், இருமல் டானிக், அரிஷ்டம், நன்றாகப் பழுத்த பழம். 2025-இல் கேரளத்தின் பந்தளம் அரசு பஸ் டிப்போவில் பலாப்பழம் தின்ற ஓட்டுநர்களுக்கு அளவு காட்டியது செய்தியாகவே வந்தது. விமானப் பணியாளர்கள் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் பயன்படுத்தக் கூடாது என்று 2023-இல் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ விதியே போட்டது. எங்கள் வழக்கம் இதுதான்: எண் வந்தால் வாய் கொப்பளிக்கச் சொல்லி, 15 நிமிடம் நம் கண்முன் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொல்வது. வாயில் இருந்தது அதற்குள் போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. கேட்டில் இருந்த சானிடைசர் பாட்டிலையும் அடுத்த அறைக்கு மாற்றினேன். ஈரக்கையோடு மவுத்பீஸைப் பிடித்தாலே எண் ஏறியதை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

போலீஸுக்கு வாங்குவதாக இருந்தால் கணக்கே வேறு. அவர்கள் எடுக்கும் எண் கோர்ட்டுக்குப் போகிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். எனவே தேதி, நேரம், வரிசை எண் மாற்ற முடியாதபடி நினைவகத்தில் பதிவாகிற, மழையும் தூசியும் தாங்குகிற, உடனே பிரிண்ட் தருகிற கருவி வேண்டும். அந்தத் தெர்மல் தாள் நாளடைவில் வெளுத்துவிடும், அன்றே நகல் எடுத்தாக வேண்டும். நாங்கள் எங்கள் ரிஜிஸ்டரிலும் நகல்தான் ஒட்டுகிறோம்.

புதிதாக வாங்குகிறவர்கள் விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: சென்சார் ஃபியூயல் செல்தானா, அதை மாற்ற எவ்வளவு, மவுத்பீஸ் விலை எத்தனை ஆண்டுக்கு ஏறாது, கேலிபரேஷனுக்கு எத்தனை நாள், அதுவரை மாற்றுக் கருவி உண்டா. கடைசிக் கேள்விக்கு உடனே ஆம் என்று எழுதிக் கொடுத்தவரிடம்தான் மூன்றாவதை வாங்கினேன். விலை 9,000 ரூபாய் அதிகம்தான். அந்த மூத்த ஓட்டுநரையும் கூட அழைத்துப் போயிருந்தேன். கடையிலேயே அவர் ஊதிப் பார்த்தார். பூஜ்யம் காட்டியது. அப்புறம்தான் செக் எழுதினோம்.